அபிகாயிலின் கதையைச் சொல்லுங்கள், ரீச்சர்

கேள்வி: பெரியகல்லாற்றில் ஞாயிறு பாடசாலையில் ஏழு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். 'சமாதானம் பண்ணுகிறவர்கள் பாக்கியவான்கள்' என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்து, ஆபிரகாம் லோத்துவுக்கு விட்டுக்கொடுத்த கதையைச் சொன்னேன். அடுத்த வாரம் ஒரு தாய் வந்து, "பள்ளிக்கூடத்தில ஒருத்தன் ஒவ்வொரு நாளும் என்ட மகன்ட சாப்பாட்டைப் பறிக்கிறான். ஏன் விட்டாய் எண்டு கேட்டா, ரீச்சர் சண்டை பிடிக்க வேணாம் எண்டு சொன்னவ எண்டுறான்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்கே இன்னொரு பிள்ளை படம் கீறிக்கொண்டிருந்தபோது, "முஸ்லிம் பிள்ளைகளோட சேரக் கூடாது எண்டு எங்கட அம்மம்மா சொன்னவ" என்றாள். மற்றப் பிள்ளைகளும் ஆமாம் போட்டார்கள். சமாதானத்தைச் சொல்லிக்கொடுக்க வேறு கதை இருக்கிறதா? அதை எப்படிச் சொல்வது?

பதில்:

அன்பின் ரீச்சர்,

முதலில் அந்தத் தாயின் விஷயம். அவர் சொல்வது முழுக்கச் சரி. அவருடைய மகனுக்கு நடப்பதைச் சண்டை என்று கணக்கெடுக்கக் கூடாது. சண்டை என்றால் இரண்டு பேருக்கும் ஏறக்குறையச் சம பலம் இருக்கும், இரண்டு பக்கமும் ஏதோ ஒரு நியாயம் இருக்கும், நாளைக்கு மறந்தும் போகும். பலம் கூடிய ஒருவன் ஒரே பிள்ளையைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பறிப்பது கொடுமைப்படுத்தல். அங்கே சமாதானம் பேசப் போகக் கூடாது. இரண்டு பேரையும் எதிரெதிரே இருத்தி, கை குலுக்குங்கள் என்றால், பறிகொடுத்த பிள்ளைக்குப் பயம்தான் கூடும். பெரியவர்கள் போய் நிறுத்த வேண்டும். தாயும் நீங்களும் சேர்ந்து வகுப்பாசிரியரிடம் போங்கள், பிறகு அதிபரிடம். அங்கேயும் அசையவில்லை என்றால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கமும் இருக்கிறது.

இன்னொன்றும் செய்ய வேண்டும். அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டு, "சாப்பாட்டைப் பறிச்சாப் பெரியாக்களிட்டச் சொல்லு, அது கோள் சொல்றது இல்ல" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ரீச்சர் சொன்னார் என்றுதான் அவன் பொறுத்துக்கொண்டிருக்கிறான். தாய் சொல்லி அது மாறாது.

ஆபிரகாமின் கதை பிழையான கதை இல்லை. ஆனால் அதில் விட்டுக்கொடுத்தவர் யார் என்று பாருங்கள். லோத்து அவருடைய சகோதரனின் மகன். வயதில் மூத்தவர் ஆபிரகாம், குடும்பத்துக்குத் தலைவர் அவர், அந்தத் தேசமே அவருடைய சந்ததிக்கு என்று முந்திய அதிகாரத்திலேயே வாக்குக் கிடைத்துவிட்டது. இரண்டு பேருடைய மந்தைகளுக்கும் இடம் போதாமல் பிரிய வேண்டி வந்தபோது, நல்ல நிலத்தை எடுக்கக்கூடியவர் எடுக்காமல், 'நீ முதலில் தெரிவு செய்' என்கிறார். அடுத்த அதிகாரத்தில் லோத்து சிறைப்பட்டுப் போனதும் 318 பேரைக் கூட்டிக்கொண்டு போய் மீட்டு வருகிறவரும் அவர்தான். பயத்தில் சாப்பாட்டுப் பெட்டியை நீட்டுகிற பிள்ளை ஆபிரகாமைப் போல நடக்கவில்லை. அந்தக் கதையை வகுப்பில் பலமான பிள்ளைக்கு, பந்தை வைத்திருக்கிற பிள்ளைக்குச் சொல்லுங்கள். நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. "நீ பொம்புளப் புள்ளதானே, தம்பிக்குக் குடு" என்று எப்போதும் ஒரே பிள்ளையிடம்தான் கேட்கிறோம். எனக்கு இது நெடுங்காலமாக உள்ள மனவருத்தம்.

இப்போது நீங்கள் கேட்ட வேறு கதை. என்னிடம் வருகிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் நான் சொல்வது 1 சாமுவேல் 25ஆம் அதிகாரம், அபிகாயிலின் கதை. ஞாயிறு பாடசாலையில் கோலியாத்துக்குக் கிடைக்கிற இடம் இவளுக்குக் கிடைப்பதில்லை. கோலியாத்தின் கதையில் தாவீது ஒருவனை வீழ்த்துகிறான். இந்தக் கதையில் அதே தாவீதை ஒரு பெண் வழியில் மறித்து நிறுத்துகிறாள்.

மாகோன் என்ற ஊரில் நாபால் என்று ஒரு பணக்காரன். அவனுடைய மனைவிதான் அபிகாயில். 3000 செம்மறியாடு, 1000 வெள்ளாடு. தாவீதும் அவனோடு இருந்த ஏறக்குறைய 600 பேரும் வனாந்தரத்தில் ஒளிந்து திரிந்த காலம் அது. நாபாலின் மேய்ப்பர்கள் அந்தப் பக்கம் ஆடு மேய்த்தபோது இவர்கள் ஒன்றையும் தொடவில்லை, இரவும் பகலும் காவலாக இருந்தார்கள். ஆட்டு மயிர் கத்தரிக்கிற நாள் வந்தது. அது அவர்களுக்குப் பெருநாள் போல. தாவீது பத்து வாலிபரை அனுப்பி, மரியாதையாக, உங்களுக்கும் உங்கள் வீட்டுக்கும் சமாதானம் என்று வாழ்த்தி, ஏதாவது தரச் சொல்லிக் கேட்கிறான். நாபாலோ, தாவீது யார், எசமானை விட்டு ஓடுகிற வேலைக்காரர் இந்தக் காலத்தில் எத்தனையோ பேர் என்று அவமானப்படுத்தி அனுப்புகிறான்.

வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் உள்ள பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது லேசு. வயல்வட்டைக்குள் பரண் கட்டி இரவிரவாக யானைக்குக் காவல் இருந்தவர்கள், வெள்ளாமை வெட்டி முடிந்த அன்று வயல் சொந்தக்காரரான போடியாரின் வாசலுக்கு வருகிறார்கள். போடியார் வெளியே வந்து, "நீங்க ஆரு?" என்று கேட்கிறார். அந்த இடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். தாவீதுக்கு ஏன் கோபம் வந்தது என்று நீங்கள் விளக்கவே தேவையில்லை.

தாவீது, எல்லாரும் பட்டயத்தைக் கட்டிக்கொள்ளுங்கள் என்கிறான். 400 பேர் புறப்படுகிறார்கள், 200 பேர் சாமான்களுக்குக் காவலாக நிற்கிறார்கள். கதையை இந்த இடத்தில் நிறுத்துங்கள். கோபம் வரும்போது உடம்பில் எங்கே முதலில் தெரியும் என்று கேளுங்கள். கை இறுகும், காது சுடும், நெஞ்சு படபடக்கும், வயிறு கலக்கும் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொன்று சொல்லும். கோபம் பாவம் என்று இங்கே சொல்லிவிடாதீர்கள். தாவீதின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. தன் உடம்பில் கோபம் ஏறுவதை அடையாளம் காணத் தெரிந்த பிள்ளைக்குத்தான், கை ஓங்குவதற்கு முன் ஒரு நிமிடம் கிடைக்கும்.

அப்புறம், இனி இதை யார் நிறுத்தலாம் என்று கேளுங்கள். கர்த்தர், பொலிஸ், ஆமி, ராஜா என்று வரும். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாபாலின் வேலைக்காரரில் ஒருவன்தான் நிறுத்தத் தொடங்கினான் என்று சொல்லுங்கள். வேதாகமம் அவனுடைய பெயரைக்கூடச் சொல்லவில்லை. அவனால் நாபாலோடு பேச முடியாது, 400 பேரை மறிக்கவும் முடியாது. அவன் செய்தது, யாரிடம் சொன்னால் காரியம் நடக்குமோ அவரிடம் ஓடிப் போனது. உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் வயதுக்குப் பொருத்தமான ஆள் அவன்தான். அபிகாயிலிடம் அவன் சொன்னதையும் கவனமாகச் சொல்லிக்கொடுங்கள். ஆபத்து வருகிறது என்பதோடு, அந்த ஆட்கள் நமக்கு மிகவும் நல்லவர்களாக இருந்தார்கள், சுற்றிலும் மதில் போல நின்றார்கள் என்றும் சொல்கிறான். தன் எசமானோடு பகையாகிவிட்டவர்களைப் பற்றி, அவர்கள் நமக்குச் செய்த நன்மை இது என்று சொல்ல ஒருவனுக்கு வாய் வந்ததே, அங்கேதான் சமாதானம் தொடங்குகிறது. இந்த வேலைக்காரனிடம் பிறகு திரும்பி வருகிறேன்.

அபிகாயில் தாமதிக்கவில்லை. 200 அப்பம், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடு, வறுத்த தானியம், 100 திராட்சை வற்றல் குலை, 200 அத்திப்பழ அடை. எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றிக்கொண்டு, கோபத்தோடு வருகிறவர்களுக்கு நேரே போகிறாள். பிள்ளைகளுக்கு இந்தச் சாப்பாட்டுக் கணக்கு நல்ல விருப்பம், படமாகக் கீறச் சொல்லுங்கள். தாவீதைக் கண்டதும் இறங்கி வணங்கிப் பேசுகிறாள். நாபால் செய்தது புத்தியீனம் என்று ஒத்துக்கொள்கிறாள், மூடி மறைக்கவில்லை. பிறகு, நாளைக்கு நீங்கள் இஸ்ரவேலுக்குத் தலைவராகும்போது வீணாக இரத்தம் சிந்தினேனே என்ற உறுத்தல் உங்களுக்கு இருக்கக் கூடாது என்கிறாள். தாவீதின் நியாயத்தையும் அவள் மறுக்கவில்லை. நீங்கள் நல்லவர், இது உங்களுக்குத் தகாது என்கிற வழியில் அவனைத் திருப்புகிறாள். தாவீது கர்த்தரை ஸ்தோத்திரித்து, அவளையும் வாழ்த்தி, 400 பேரையும் கூட்டிக்கொண்டு திரும்பிப் போகிறான். உங்கள் வகுப்புப் பொடியன்கள் இதை நன்றாகப் பார்க்க வேண்டும். தாவீதைவிட வீரன் அவர்களுக்குத் தெரிந்த கதைகளில் இல்லை. அவன் ஒரு பெண்ணின் பேச்சைக் கேட்டுப் பட்டயத்தோடு திரும்பினான், யாரும் அவனைக் கோழை என்று சொல்லவில்லை.

இனி, இந்தக் கதையில் கவனமாக மிதிக்க வேண்டிய இடங்கள். அபிகாயில் பழியைத் தன் தலையில் போடச் சொல்கிறாள். இதை நீட்டிச் சொல்ல வேண்டாம். வீட்டில் தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிக்கிற ஒரு பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம், நம் மாவட்டத்தில் அது அரிதில்லை. அந்தப் பிள்ளைக்கு, நான் நன்றாக நடந்தால் அப்பா அடிக்க மாட்டார், சமாதானம் பண்ணுவது என் வேலை என்று விளங்கிவிடக் கூடாது. பெரியவர்களின் சண்டையைத் தீர்ப்பது பிள்ளைகளின் பொறுப்பில்லை என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். கதையிலேயே அதற்கு இடம் இருக்கிறது. அபிகாயில் வீட்டுக்குத் திரும்பியபோது நாபால் நல்ல குடிவெறியில் இருந்தான். அவள் அன்றிரவு ஒரு வார்த்தை பேசவில்லை, விடிந்து வெறி தெளிந்த பிறகுதான் சொன்னாள். குடித்திருக்கிறவரோடு நியாயம் பேசப் போக வேண்டாம், ஒதுங்கி, நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல்லலாம் என்பதை இந்த இடத்தில் சொல்லலாம். யாராவது ஒரு பிள்ளை அன்று வகுப்பு முடிந்தும் போகாமல் உங்கள் பக்கத்தில் நின்றால், மற்ற வேலையை விட்டுவிட்டு இருந்து கேளுங்கள்.

நாபால் ஏறக்குறைய பத்து நாளில் இறந்துபோனதை என்ன செய்வது? மறைக்க வேண்டாம், பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள். ஆனால் அதைக் கதையின் உச்சமாக வைக்காதீர்கள். 'கெட்டவன் செத்தான், சரி' என்று பிள்ளை அதை மட்டும் பிடித்துக்கொண்டால், அபிகாயில் கழுதை ஏறிப் போனதெல்லாம் வீண். தாவீது அவளைப் பிறகு மணந்ததை இந்த வயதில் தொடத் தேவையில்லை.

வகுப்பில் வருகிற சின்னச் சண்டைகளைத்தான் பயிற்சியாக எடுக்க வேண்டும். அழிறப்பருக்காக இரண்டு பேர் இழுபட்டால், உடனே 'சொறி சொல்லு' என்று வற்புறுத்தாதீர்கள். அது வாயால் மட்டும் வருகிற சொறி, ரீச்சர் அங்காலே திரும்பியதும் காலால் ஒரு உதை விழும். கோபம் தணியும் வரை இரண்டு பேரையும் தள்ளி இருத்துங்கள், தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். பிறகு ஒருவர் சொல்ல, மற்றவர் குறுக்கே பேசாமல் கேட்டு, தான் கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். "இவன் சொல்றது, நான் கேக்காம எடுத்தனாம்" என்று. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது கடினமான வேலை. முதல் சில தடவை அது தன் நியாயத்தையே திருப்பிச் சொல்லும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, இப்ப என்ன செய்தா ரெண்டு பேருக்கும் சரி என்று அவர்களிடமே கேளுங்கள். இணக்கசபை என்று நம் ஆட்கள் சொல்கிற மத்தியஸ்த சபை, 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி ஊர்களில் இப்படித்தான் நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை, இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் இணக்கம். உங்கள் சபையில் மத்தியஸ்தராக இருக்கிற பெரியவர் யாராவது இருந்தால், ஒரு ஞாயிறு வரச் சொல்லி, வேலிச் சண்டையும் மாடு வெள்ளாமைக்குள் புகுந்த சண்டையும் எப்படி முடிகின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வையுங்கள். யாருடைய பெயரும் வராமல் சொல்லச் சொல்லுங்கள்.

இனி அந்த அம்மம்மா. உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கனமான பகுதி அதுதான்.

அவர் பேத்திக்கு வெறுப்பைச் சொல்லிக்கொடுக்கிறார் என்று அவசரப்பட்டு எண்ணாதீர்கள். அவருடைய வயதை நினையுங்கள். 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் ஏறாவூரிலும் வீரமுனையிலும், செப்டெம்பர் 9இல் சத்துருக்கொண்டானிலும் உயிர்கள் போயின. ஒரு இடத்தில் முஸ்லிம்கள், ஒரு இடத்தில் தமிழர், எல்லா இடத்திலும் பிள்ளைகள். அப்புறம் 2019 ஏப்ரல் 21, மட்டக்களப்பு சீயோன் ஆலயத்தில் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலை முடித்து வந்த பிள்ளைகள் அதில் இறந்தார்கள். ஞாயிறு பாடசாலை ரீச்சர் ஒருவருக்கு இதை நான் சொல்லவே தேவையில்லை. பேத்தியைப் பத்திரமாக வைத்திருக்க அந்த அம்மம்மாவுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். காத்தான்குடியிலும் ஒரு உம்மம்மா தன் பேரனிடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஆகவே, அம்மம்மா சொன்னது பிழை என்று பிள்ளையிடம் சொல்ல வேண்டாம். வீட்டையும் வகுப்பையும் எதிரெதிரே நிறுத்தினால் பிள்ளை இரண்டு இடத்திலும் பேசாமல் விட்டுவிடும். "அம்மம்மாக்கு உன்னில அன்பு, அவ பயப்படுறா" என்று சொல்லுங்கள். அதன் பிறகு கதைக்கு வாருங்கள். தாவீது அன்று என்ன செய்யப் புறப்பட்டான்? பேசியது நாபால் ஒருவன். தாவீது சபதம் எடுத்ததோ, விடிவதற்குள் நாபாலின் வீட்டு ஆண்களில் ஒருவனையும் உயிரோடு விடமாட்டேன் என்று. அப்படி நடந்திருந்தால், அந்த ஆட்கள் நமக்கு நல்லவர்களாக இருந்தார்கள் என்று சொல்லி ஓடி வந்தானே ஒரு வேலைக்காரன், அவனும் செத்திருப்பான். பிள்ளைகளிடம் இதைக் கேளுங்கள்: நாபால் சொன்னதற்கு அந்த வேலைக்காரன் என்ன செய்தான்? அவனை ஏன் கொல்ல வேண்டும்? பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கு நியாயம், அநியாயம் நன்றாகவே தெரியும். வகுப்பில் ஒருவன் சத்தம் போட்டதற்கு எல்லாருக்கும் அடி விழுந்த நாள் அவர்களுக்கு உடனே ஞாபகம் வரும். அங்கிருந்து, ஒருவர் செய்ததற்கு ஒரு ஊரையே பகைக்கலாமா என்ற கேள்விக்கு அவர்களாகவே வருவார்கள். வராவிட்டாலும் இழுத்து வராதீர்கள், இன்னொரு ஞாயிறு இருக்கிறது.

அம்மம்மாவிடமும் ஒருநாள் போங்கள். அறிவுரை சொல்ல வேண்டாம், இருந்து கேளுங்கள். பட்ட துன்பத்தைச் சொல்லத் தொடங்கினால் முழுவதையும் சொல்லட்டும். முடிந்த பிறகு, அந்த நாட்களில் உதவி செய்த முஸ்லிம் ஆட்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். சுனாமி அன்று முதல் சோற்றுப் பார்சல் யார் கொண்டுவந்தது, கல்முனைச் சந்தையில் கடனுக்குச் சாமான் தந்தவர் யார், பிரசவத்துக்கு வாகனம் பிடித்துத் தந்தவர் யார்? அப்படி ஒன்று அவர் வாயில் வந்தால், அதைப் பேத்திக்கு அவரே சொல்லட்டும். அன்றைக்கு அம்மம்மாவும் அந்த வேலைக்காரனின் வேலையைச் செய்கிறார். ஒன்றும் இல்லை என்றால் வற்புறுத்த வேண்டாம்.

பிள்ளைகள் ஒருவரையொருவர் நேரில் காணாமல் இந்தப் பாடம் முழுமையாகாது. மட்டக்களப்பில் 1996இல், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே, இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடாவைச் சேர்ந்த கலைஞர் போல் ஹோகனும் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ் ஊர்ப் பிள்ளைகளும் முஸ்லிம் ஊர்ப் பிள்ளைகளும் அங்கே வந்து களிமண் பிசைந்தார்கள், படம் கீறினார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். அந்தக் காலத்திலேயே அது முடிந்தது என்றால், கல்லாற்றுக்கும் முஸ்லிம் ஊரான மருதமுனைக்கும் இடையில் இன்றைக்கு முடியாத காரியம் இல்லை.

சின்னதாகச் செய்யுங்கள். மருதமுனையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு ஆசிரியையோடு கதைத்து, ஒரு சனிக்கிழமை பின்னேரம் இரண்டு பக்கத்திலும் சில பிள்ளைகளை விளையாடக் கூட்டிக்கொண்டு வாருங்கள். இரண்டு பக்கப் பெற்றோருக்கும் முன்கூட்டியே சொல்லி, சம்மதம் எடுங்கள். விரும்பாத தாய் தகப்பனை நெருக்காதீர்கள். விளையாட்டுக் கட்சிகளை ஊர் ஊராகப் பிரிக்காமல் கலந்து பிரியுங்கள், இல்லாவிட்டால் பந்து விளையாட்டே பழைய சண்டையாகிவிடும். அந்த அம்மம்மாவும் வந்து பக்கத்தில் இருந்து பார்க்கலாம் என்று சொல்லிவிடுங்கள், பேத்தி கண் முன்னே இருந்தால் அவருக்குப் பயம் குறையும். அன்றைக்கு வேதாகமக் கதை வேண்டாம், ஜெபத்தையும் உங்கள் வகுப்பு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்றப் பெற்றோர் நம்பி அனுப்புகிற பிள்ளைகள் அவர்கள். சாப்பிடப் பழமும் பிஸ்கட்டும் கொடுங்கள், அது எல்லாருக்கும் பொதுவாக இருக்கும். விளையாட்டில் சண்டை வந்தால் பதற வேண்டாம், கட்டாயம் வரும். வகுப்பில் பழகியபடி, ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும்.